டுஸ்ஸல்டார்ஃபில் ராமென்: அசலுக்கு யார் காவல்?

கிண்ணம் வந்தபோது அதிலிருந்து ஆவி எழவில்லை. வெளியே நவம்பர் மழை. முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றதில் விரல்கள் விறைத்துப்போயிருந்தன. ஆறிப்போனதைத் தந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பக்கத்தில் இருந்த நண்பர் அந்த ஊரில் ஒரு ஜப்பானிய நிறுவனத்தில் எட்டு வருடமாக வேலை பார்ப்பவர். "அவசரப்படாதீங்க. மேல கொழுப்பு மூடியிருக்கு, அடியில கொதிக்கும்" என்றார். குச்சியால் நூடுல்ஸைத் தூக்கினேன். கொழுப்புப் படலம் கிழிந்த இடத்திலிருந்து குப்பென்று ஆவி கிளம்பி மூக்குக்கண்ணாடியை மறைத்துவிட்டது.

அது சப்போரோ பாணி மிசோ ராமென். ராமென் என்பது சூடான சூப்பில் வரும் ஜப்பானிய நூடுல்ஸ். சப்போரோ, ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்கைடோவின் பெரிய நகரம். குளிர்காலம் முழுக்கப் பனிக்குள் கிடக்கும் ஊர். கடைசி வாய் வரைக்கும் சூடு நிற்க வேண்டும் என்பதற்காக உருக்கிய பன்றிக்கொழுப்பைச் சூப்பின் மேல் மூடிபோல விடுகிறார்கள். ஆனால் நான் அதைச் சாப்பிட்டது ஜெர்மனியில், ரைன் நதியோரம் இருக்கும் டுஸ்ஸல்டார்ஃபில்.

ஐரோப்பாவில் இன்று ராமென் கடை இல்லாத பெருநகரத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இருந்தாலும் ஜெர்மனியில் யாரிடமாவது "ஜப்பானில் கிடைக்கிற மாதிரியே எங்கே கிடைக்கும்?" என்று கேட்டால், பெரும்பாலும் கைகாட்டுவது இந்த ஊரைத்தான். தலைநகர் பெர்லினை விட்டுவிட்டு, ஆறரை லட்சம் பேர் மட்டும் இருக்கும் ஒரு வியாபார நகரத்தை ஏன் சொல்கிறார்கள்? இந்தக் கேள்வியோடுதான் அந்தக் கடைக்குப் போனேன். பதிலில் பாதி சமையலறையில் கிடைத்தது. மீதிப் பாதி இரும்பு வியாபாரத்தில் இருக்கிறது.

இரும்பிலிருந்தே தொடங்கலாம். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு தன்னை மறுபடி கட்டிக்கொண்டிருந்த ஜப்பானுக்கு எஃகு வேண்டியிருந்தது, கனரக இயந்திரங்கள் வேண்டியிருந்தன, இரசாயனப் பொருள்கள் வேண்டியிருந்தன. இவை எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்தது ஜெர்மனியின் ரூர் பகுதியில். சுரங்கமும் உலையும் எஸ்ஸன், டுயிஸ்பர்க், டோர்ட்முண்ட் ஊர்களில் இருந்தன. வங்கி, ஒப்பந்தம், கணக்கு வழக்கு எல்லாம் பக்கத்திலேயே டுஸ்ஸல்டார்ஃபில். 'ரூர் பகுதியின் எழுத்து மேசை' என்று ஜெர்மானியர்கள் இந்த ஊருக்கு ஒரு பட்டப்பெயரே வைத்திருந்தார்கள். 1950களில் ஜப்பானிய வர்த்தக நிறுவனங்கள் ஒவ்வொன்றாக வந்து அலுவலகம் போட்டன. அலுவலகம் வந்தால் ஆட்கள் வருவார்கள், ஆட்கள் வந்தால் குடும்பம் வரும். 1964இல் ஜப்பானியர் கிளப், 1966இல் ஜப்பானிய வர்த்தக சபை, 1971இல் பிள்ளைகளுக்கு ஜப்பானியப் பள்ளி. 1978இல் இம்மர்மான் வீதியில் ஜெர்மன்-ஜப்பானிய மையம் எழுந்தது, ஒரு ஜப்பானிய ஹோட்டலோடு சேர்த்து. இன்று நகரத்திலும் சுற்றுப்புறத்திலுமாக ஏறக்குறைய 8,000 ஜப்பானியர்கள் வாழ்கிறார்கள். ஐரோப்பாவின் பெரிய ஜப்பானியச் சமூகங்களில் ஒன்று இது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் நீடர்காசலில் மரத்தூண்களும் மணிக்கூண்டுமாக ஒரு புத்தர் கோயில்கூட இருக்கிறது.

இந்த இம்மர்மான் வீதி ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் எதிரே நீள்கிறது. ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது. இதிலும் இதைக் குறுக்கே வெட்டும் ஓஸ்ட் வீதியிலும் ஜப்பானியப் புத்தகக் கடை, ரொட்டிக் கடை, மளிகை, முடிதிருத்தும் கடை எல்லாம் வரிசையாக இருக்கின்றன. 2021 டிசம்பரில் வீதிப் பெயர்ப் பலகையில் ஜெர்மன் எழுத்துகளுக்குக் கூடவே ஜப்பானிய எழுத்திலும் பெயர் ஏறியது. 1861இல் அன்றைய ஜெர்மன் அரசான பிரஷ்யாவும் ஜப்பானும் நட்பு ஒப்பந்தம் செய்துகொண்டு 160 ஆண்டு ஆனதை ஒட்டி நடந்தது அது. அந்தப் பலகையை நின்று பார்த்தேன். கட்டகானா எழுத்தில் 'இன்மாமன்' என்று ஏதோ ஒரு சாயலில் ஒலிக்கும் பெயர். கட்டகானா என்பது வெளிநாட்டுச் சொற்களை எழுத ஜப்பானியர்கள் வைத்திருக்கும் எழுத்து வகை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

சரி, கடைக்குள் வருவோம்.

எங்களுக்கு இடம் கிடைத்தது சமையலறையைப் பார்த்தபடி இருக்கும் நீள மேடையில். ராமென் சாப்பிட நல்ல இடம் அதுதான், ஏனென்றால் சமையல் முழுதும் கண்ணெதிரே நடக்கும். முதலில் ஒருவர் காலிக் கிண்ணத்தில் வெந்நீரை ஊற்றி வைத்தார். கிண்ணம் சூடேற வேண்டும். இன்னொருவர் குழிந்த இரும்புச் சட்டியில் கொழுப்பைக் காயவைத்து, பூண்டையும் கொத்திய இறைச்சியையும் முளைப்பயறையும் போட்டார். தீ சட்டிக்கு மேலே எழுந்து அடங்கியது. அடுத்து ஒரு கரண்டி மிசோ. மிசோ என்பது சோயாவையும் அரிசியையும் பூஞ்சையால் நொதிக்கவைத்து மாதக்கணக்கில் ஊறவிட்ட விழுது. அது சூடான இரும்பில் பட்டதும் வந்த வாசனையில் வரிசையில் நின்ற முக்கால் மணி நேரம் மறந்துபோனது. அதே சட்டியில் அண்டாவிலிருந்து சூப்பை மொண்டு ஊற்றிக் கொதிக்கவிட்டார். இதற்கிடையே நூடுல்ஸ் ஆளுக்கொரு கம்பிக் கூடையில் கொதிநீரில் வெந்துகொண்டிருந்தது. மணி அடித்ததும் கூடையை எடுத்து, மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டித் தண்ணீரை உதறினார். இரண்டே உதறல். நூடுல்ஸில் ஒட்டிய தண்ணீர் கிண்ணத்துக்குள் போனால் சூப் நீர்த்துவிடும் என்பதால் இதில் ஒரு சொட்டுக்கும் கணக்கு உண்டு.

இதில் வெளியே தெரியாத ஒரு விஷயம், அந்த அண்டாவில் இருக்கும் சூப்பில் உப்பே கிடையாது. உப்பும் மற்றச் சுவையூட்டிகளும் 'தாரே' என்று சொல்லும் அடர்ந்த கலவையில் தனியாக இருக்கும். ஷோயு என்றால் சோயா சாஸில் செய்த தாரே, ஷியோ என்றால் உப்பில், மிசோ என்றால் மிசோவில். ஆகவே "மிசோ ராமென்" என்ற பெயர் எந்தத் தாரே என்பதைத்தான் சொல்கிறது, எந்தச் சூப் என்பதைச் சொல்லவில்லை. நம் ஆட்களில் சைவம் சாப்பிடுபவர்கள் பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். மிசோ சோயாவில் செய்ததுதானே என்று கேட்டு வாங்கிவிடுவார்கள். அடியில் இருக்கும் சூப்போ பன்றி எலும்பிலோ கோழி எலும்பிலோ காய்ச்சியது. சைவத்துக்கென்று தனியாகக் காய்ச்சிய சூப் இருக்கிறதா என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். ஜெர்மனியில் சைவ உணவுக்காரர்கள் அதிகம் என்பதால் காளானும் கடற்பாசியும் சோயாப்பாலும் வைத்துச் செய்த கிண்ணம் இங்கே பல கடைகளில் இருக்கிறது. பன்றி சாப்பிடாதவர்கள் கோழிச் சூப் கேட்கலாம், ஆனால் மேலே ஊற்றும் கொழுப்பு எது என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

எலும்புச் சூப்பு நமக்குப் புரியாத பொருள் இல்லை. ஆட்டுக்கால் பாயா விரலில் ஒட்டுகிறதே, அதே ஒட்டல்தான் இதிலும். எலும்பையும் மூட்டையும் சுற்றியிருக்கும் கொலாஜன் நீண்ட நேரம் வெந்தால் கரைந்து ஜெலட்டினாகிறது. வித்தியாசம் தீயில் இருக்கிறது. மெல்லிய தீயில் அசையாமல் காய்ச்சினால் சூப் தெளிவாக நிற்கும். ராத்திரி முழுக்கக் கொதிக்கக் கொதிக்க வைத்தால், எலும்புக்குள் இருக்கும் கொழுப்பு துளித்துளியாக உடைந்து ஜெலட்டினோடு கலந்து, சூப் பால் மாதிரி வெளுத்துவிடும். தெற்கே கியூஷு தீவின் டொன்கொட்சு இப்படித்தான் உருவாகிறது. டொன்கொட்சு என்றால் பன்றி எலும்பு.

நூடுல்ஸ் விஷயம் இதைவிடச் சுவாரசியமானது. ராமென் நூடுல்ஸுக்கு அந்த மஞ்சள் நிறமும் பல்லில் பட்டுத் துள்ளும் உறுதியும் எங்கிருந்து வருகின்றன? முட்டையிலிருந்து என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் இல்லை. மாவு பிசையும் தண்ணீரில் 'கன்சுய்' என்ற காரக் கரைசலைச் சேர்க்கிறார்கள். சோடியம் கார்பனேட்டும் பொட்டாசியம் கார்பனேட்டும் கலந்தது. நம் ஊரில் உளுந்து மாவுக்குப் போடும் அப்பளக்காரத்தின் உறவுக்காரன்தான். காரம் பட்டால் கோதுமையின் பசைப்புரதம் இறுகுகிறது, அதனால் நூடுல்ஸ் சூடான சூப்பில் கிடந்தாலும் உடனே குழையாது. நிறத்துக்குக் காரணம் மாவிலேயே நிறமில்லாமல் ஒளிந்திருக்கும் ஒரு வகைப் பொருள்கள். அவை காரத்தில் மஞ்சளாகின்றன. ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரில் சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவக்கிறதே, அந்த மாதிரிதான் இதுவும்.

இப்போது ஐரோப்பாவில் இதைச் செய்பவரின் கஷ்டங்களுக்கு வருவோம். மாவு முதல் தலைவலி. ஜெர்மன் கடைகளில் கோதுமை மாவுப் பொட்டலத்தில் 405, 550 என்று எண் போட்டிருக்கும். நூறு கிராம் மாவை எரித்தால் எத்தனை மில்லிகிராம் சாம்பல் மிஞ்சும் என்பதற்கான எண் அது. தவிடு எவ்வளவு நீங்கியிருக்கிறது என்பதை அது சொல்லும், புரதம் எவ்வளவு என்பதைச் சொல்லாது. ராமெனுக்கோ புரதமும் வேண்டும், சாம்பலும் குறைவாக வேண்டும். ரொட்டிக்கும் கேக்குக்கும் பார்த்துப் பார்த்து அரைத்த ஊரில் நூடுல்ஸுக்கான மாவு கையருகே கிடைப்பதில்லை. அதனால் சில கடைகள் நூடுல்ஸையே ஜப்பானிலிருந்து கொண்டுவந்தன. டுஸ்ஸல்டார்ஃபில் 2007இல் தொடங்கி இன்று ஐரோப்பாவின் பல நகரங்களில் கிளை பரப்பியிருக்கும் தகுமி, சப்போரோவின் நிஷியாமா நூடுல்ஸைத்தான் தன் அடையாளமாகச் சொல்கிறது. நிஷியாமா 1953 முதல் நூடுல்ஸ் செய்யும் நிறுவனம். மிசோ ராமென் பிறந்த கதையிலேயே வரும் பெயர் அது. 1950களில் சப்போரோவின் 'அஜி நோ சன்பெய்' கடையில் மிசோவை ராமென் சூப்பில் போட்டுப் பார்த்தபோது, அந்தக் கனத்த சூப்புக்கு ஈடுகொடுக்கும் சுருள் நூடுல்ஸைச் செய்துகொடுத்தவர்கள் இவர்கள்தான்.

இரண்டாவது, மீன். பல சூப்புகளில் கட்சுஒபுஷி சேரும். சூரை மீனைப் புகையில் வாட்டி வாட்டிக் கட்டைபோல் காயவைத்து, மெல்லிய சீவலாகச் சீவியது. நம் மாசிக்கருவாட்டுக்கு நெருங்கிய சொந்தம். புகையில் உண்டாகும் சில தீங்கான சேர்மங்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் வைத்திருக்கும் வரம்பு கடுமையானது. வாரக்கணக்கில் புகையில் வாட்டிய ஜப்பானியச் சீவலுக்கு அந்த வரம்புக்குள் நிற்பது கஷ்டம். கடைசியில் அந்தத் தொழிலுக்குப் பேர்போன மகுராசாகி ஊர்க்காரர்கள் கடல் தாண்டி வந்து, பிரான்ஸின் பிரித்தானிக் கரையில் கொன்கார்னோ என்ற மீன்பிடி ஊரில் 2016இல் ஒரு தொழிற்கூடமே தொடங்கிவிட்டார்கள்.

மூன்றாவது, தண்ணீர். கொம்பு என்ற கடற்பாசியை ஊறவைத்துத்தான் பல சூப்புகளுக்கு அடிச்சுவை எடுக்கிறார்கள். ஜப்பானின் தண்ணீர் பொதுவாக மென்மையானது, கொம்புவின் சாறு அதில் எளிதாக இறங்கும். டுஸ்ஸல்டார்ஃபின் குழாய் நீர் கடினம். கெட்டிலில் கொஞ்ச நாளிலேயே வெள்ளையாகச் சுண்ணாம்பு படியும். அதனால் அக்கறையுள்ள கடைக்காரர்கள் சூப்புக்கென்று தண்ணீரை வடிகட்டி மென்மையாக்கிக்கொள்கிறார்கள். எலும்புக்கு மட்டும் கவலையே இல்லை, பன்றி இறைச்சிக்குப் பேர்போன நாடு ஜெர்மனி.

அந்தக் கொம்புவின் சுவைக்கு உமாமி என்று பெயர் வைத்தவருக்கும் ஜெர்மனிக்கும் ஒரு தொடர்பு உண்டு. கிகுனே இகெடா என்ற இரசாயனப் பேராசிரியர். 1908இல் கொம்புச் சாற்றிலிருந்து குளூட்டமேட்டைப் பிரித்தெடுத்து, இனிப்பு புளிப்பு உப்பு கசப்பு என்ற நாலுக்குள் அடங்காத சுவை இதுதான் என்று சொன்னவர். அதற்குச் சில வருடம் முன்பு அவர் ஜெர்மனியின் லைப்சிக்கில் இரசாயன அறிஞர் வில்ஹெல்ம் ஓஸ்ட்வால்டிடம் படித்தார். தக்காளி, தண்ணீர்விட்டான் தண்டு, சீஸ், இறைச்சி எல்லாவற்றிலும் பொதுவாக ஒரு சுவை ஓடுகிறது என்று பின்னால் எழுதினார். கட்சுஒபுஷியில் அதே சுவையைத் தரும் இனோசினேட் என்ற பொருளை 1913இல் அவருடைய மாணவர் கோடாமா கண்டார். கடற்பாசியும் காய்ந்த மீனும் சேரும்போது சுவை கூட்டல் கணக்கில் ஏறாமல் பெருக்கல் கணக்கில் ஏறுகிறது என்பது 1950களின் கடைசியில் தெளிவானது. ராமென் கிண்ணத்தில் எலும்பும் மீனும் கடற்பாசியும் மிசோவும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்படுவதற்குக் காரணம் இதுதான்.

ஆக, என் முன்னே இருந்த கிண்ணத்தில் என்னென்ன இருக்கலாம் என்று யோசித்துப் பாருங்கள். சப்போரோ நூடுல்ஸ், ஜெர்மன் எலும்பு, பிரெஞ்சுக் கரையில் வாட்டிய மீன், வடிகட்டிய ரைன்கரைத் தண்ணீர். இதை அசல் என்று சொல்லலாமா?

சொல்லலாம் என்பதுதான் என் கருத்து. ராமெனின் பிறப்பே அப்படித்தான். பெயர்ப் பலகையில் பார்த்த கட்டகானாவை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். ஜப்பானில் ராமென் என்ற சொல்லையும் அதே கட்டகானாவில்தான் எழுதுகிறார்கள். அவர்களுக்கே அது வெளியிலிருந்து வந்த சாப்பாடு. சீனாவின் லாமியன் என்ற சொல்தான் ராமென் ஆயிற்று என்று பொதுவாகச் சொல்வார்கள். யோகஹாமா போன்ற துறைமுகங்களில் குடியேறிய சீனர்களின் நூடுல்ஸ் இது. 1910இல் டோக்கியோவின் அசகுசாவில் ராய்ராய்கென் என்ற கடையைத் திறந்த ஒசாகி கன்இச்சி, யோகஹாமாவிலிருந்து சீனச் சமையற்காரர்களைக் கூட்டிவந்துதான் வியாபாரம் தொடங்கினார். 1937இல் கியூஷுவின் குருமேயில் டொன்கொட்சு. போருக்குப் பின் அரிசிப் பஞ்சத்தில் அமெரிக்கக் கோதுமை கப்பல் கப்பலாக வந்து இறங்கியபோது தெருவண்டிகளில் பெருகியது. 1958இல் மொமொஃபுகு அண்டோ அதைப் பொரித்துப் பொட்டலத்தில் அடைத்தார். கால் வைத்த ஒவ்வொரு ஊரிலும் அந்த ஊரில் கிடைப்பதை எடுத்துக்கொண்டு வளர்ந்த உணவு, ரைன் கரையில் மட்டும் எதற்கு வேறு மாதிரி நடந்துகொள்ள வேண்டும்?

இதற்கு ஜப்பானியர்களே ஒருமுறை பதில் சொல்லிவிட்டார்கள். யோகஹாமாவில் 1994 முதல் ராமெனுக்கென்று ஓர் அருங்காட்சியகம் நடக்கிறது. ஜப்பானின் பல ஊர்க் கடைகளைக் கொண்டுவந்து உள்ளேயே நடத்தவிடுவார்கள். 2014இல் அங்கே பிராங்பர்ட்டின் முகு என்ற ராமென் கடைக்கு இடம் கொடுத்தார்கள். அடுத்த வருடம் மிலானிலிருந்து ஓர் இத்தாலியரின் கடை. ஐரோப்பாவில் கிடைத்ததை வைத்துச் சமைக்கப் பழகிய கைகளை ராமெனின் தாய்வீட்டிலேயே உட்காரவைத்தார்கள்.

அப்படியானால் பொருளில் இல்லாத அந்த 'அசல்' எங்கேதான் இருக்கிறது? நான் புரிந்துகொண்டது, அது சாப்பிடுகிறவரிடம் இருக்கிறது. இன்னும் சரியாகச் சொன்னால், சாப்பிடுகிறவர் எவ்வளவு சமீபத்தில் ஊரிலிருந்து வந்தவர் என்பதில் இருக்கிறது.

குடியேறிய சமூகங்களின் சமையல் வழக்கமாக இரண்டில் ஒரு வழியில் போகும். ஒன்று, வாடிக்கையாளர்கள் உள்ளூர்க்காரர்களாக இருந்தால் சுவை அவர்கள் பக்கம் சாயும். ஜெர்மனியின் பழைய சீன உணவகங்கள் பலவும் இனிப்புப் புளிப்புக் குழம்பில் போய் நின்றது அப்படித்தான். இல்லையென்றால், வந்தவர்கள் நிரந்தரமாகத் தங்கிவிட்டால், கிளம்பிவந்த வருடத்துச் சுவையே உறைந்துபோகும். ஊரில் சமையல் மாறியிருக்கும், இங்கே பழைய ஞாபகம் மட்டும் தொடரும். இரண்டாவது வகை வீடுகளை நாம் எல்லோருமே பார்த்திருக்கிறோம்.

டுஸ்ஸல்டார்ஃப் ஜப்பானியர்களில் பெரும்பகுதியினருக்கு இரண்டும் பொருந்தாது. அவர்கள் நிறுவனம் அனுப்பி வருபவர்கள். மூன்று வருடம், ஐந்து வருடம் இருப்பார்கள். பிள்ளைகள் ஜப்பானியப் பள்ளியில் அந்த நாட்டுப் பாடத்திட்டத்திலேயே படிக்கும், ஏனென்றால் திரும்பிப் போக வேண்டும். அப்புறம் அந்த நாற்காலிக்கு இன்னொருவர் வருவார். நிரந்தரமாகத் தங்கியவர்களும் உண்டுதான். ஆனாலும் ஒவ்வொரு ஏப்ரலிலும் புது முகங்கள் வந்து இறங்கிக்கொண்டே இருக்கும் சமூகம் இது. போன மாதம் வரை டோக்கியோவில் அலுவலகத்துக்குக் கீழே இருந்த கடையில் சாப்பிட்டவர், இந்த மாதம் இம்மர்மான் வீதியில் வந்து உட்காருகிறார். அவர் நாக்கை ஏமாற்ற முடியாது. இந்தக் கடைகளுக்கு அரை நூற்றாண்டாக இப்படிப் புது நாக்குகள் வந்துகொண்டே இருக்கின்றன. பாரிஸில் ஒபேராவுக்குப் பக்கத்தில் சென்ட்-ஆன் வீதியிலும் நல்ல ராமென் கிடைப்பதற்கு ஏறக்குறைய இதே காரணத்தைச் சொல்லலாம்.

நண்பரிடம் இதைச் சொன்னேன். அவர் தன் அலுவலகத்துக்குப் புதிதாக வந்த மேலாளரைப் பற்றிச் சொன்னார். வந்த முதல் வாரமே மதிய உணவுக்கு ஒரு கடைக்குக் கூட்டிப்போனார்களாம். மனிதர் சாப்பிட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் அலுவலகத்தில், அந்த வட்டாரத்துக் கடைகள் ஒவ்வொன்றிலும் எந்தத் தாரே நன்றாக இருக்கும், எதில் நூடுல்ஸ் கொஞ்சம் குழைவு என்று முந்தைய மேலாளர் எழுதிவைத்துப்போன ஒரு தாள் அவர் மேசையில் இருந்ததாம். வேலைப் பொறுப்பை ஒப்படைக்கும் கோப்புகளோடு அதையும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். "நாங்க மாசக்கணக்குல தேடிக் கண்டுபிடிச்சதெல்லாம் அதுல இருந்துச்சுங்க" என்றார் நண்பர்.

இன்றைய வரிசையில் ஜப்பானியர்கள் குறைவு என்பதையும் சொல்ல வேண்டும். நான் நின்ற அன்று முன்னாலும் பின்னாலும் பெரும்பாலும் ஜெர்மன் இளைஞர்கள்தான். ஜப்பானியப் படக்கதையான மங்காவும் கார்ட்டூனான அனிமேயும் பார்த்து வளர்ந்தவர்கள். வீதியும் மாறிவருகிறது. கொரியக் கடைகளும் சீனக் கடைகளும் ஜப்பானியக் கடைகளுக்கு நடுவே கலந்துவிட்டன. கிண்ணத்தின் மேல் இறைச்சியும் முட்டையும் கூடக் கூட விலையும் கூடுகிறது. ஜப்பானில் ராமென் விலை ஆயிரம் யென்னைத் தாண்டினால் ஆட்கள் வரமாட்டார்கள் என்று கடைக்காரர்கள் பயப்படுவார்கள், 'ஆயிரம் யென் சுவர்' என்றே அதற்குப் பெயர். அது சுமார் ஆறு யூரோ. இங்கே ஒரு கிண்ணம் பதினைந்து யூரோவை ஒட்டி வந்துவிடுகிறது. அங்கே அவசர மதியச் சாப்பாடு, இங்கே சனிக்கிழமை மாலையின் கொண்டாட்டம். இந்த மாற்றம் எனக்குக் கொஞ்சம் கவலையாகத்தான் இருக்கிறது. நிதானமாக உட்கார்ந்து பேசிச் சாப்பிட வருபவர்களுக்காகச் சமைக்கத் தொடங்கினால், நூடுல்ஸின் பதமும் அந்த நிதானத்துக்கு ஏற்ப மாறத்தானே செய்யும்?

ஏனென்றால் ராமென் காத்திருக்காத சாப்பாடு. கிண்ணம் வந்த நொடியிலிருந்து நூடுல்ஸ் சூப்பைக் குடித்துக்கொண்டே இருக்கும். ஏழெட்டு நிமிடத்தில் துள்ளல் போய்த் தளர்ந்துவிடும். அதற்கு 'நோபிரு' என்கிறார்கள், நீண்டுபோவது. கூட வந்தவரின் கிண்ணம் வரட்டும் என்று காத்திருப்பது ஐரோப்பிய மேசை நாகரிகம். நம் பழக்கமும் அதுதான். இங்கே அது வேண்டாம். உங்களுக்கு வந்துவிட்டால் தொடங்கிவிடுங்கள், சமையற்காரருக்கு அதுதான் மரியாதை. சத்தம் வர உறிஞ்சுவதற்கும் காரணம் இருக்கிறது. நூடுல்ஸோடு காற்றும் உள்ளே போவதால் சூடு தணிகிறது, வாசனை தொண்டை வழியாக மூக்குக்கு ஏறுகிறது. மெதுவாகக் கடித்து வெட்டிச் சாப்பிட்டால் பாதி வாசனை கிண்ணத்திலேயே தங்கிவிடும். நான் முதலில் தயங்கினேன். இரண்டு வாய்க்குப் பிறகு பக்கத்துச் சத்தங்கள் தைரியம் கொடுத்தன.

போக நினைப்பவர்களுக்கு இன்னும் இரண்டு வார்த்தை. பல கடைகளில் முன்பதிவு கிடையாது. ஒருவராகவோ இருவராகவோ போனால் மேடை இருக்கை சீக்கிரம் கிடைக்கும், ஆறு பேராகப் போனால் நிற்க வேண்டியதுதான். பட்டியலில் ஒவ்வொரு உணவுக்குப் பக்கத்திலும் சின்ன எண்ணோ எழுத்தோ இருந்தால் அது ஒவ்வாமைக் குறிப்பு. கோதுமை, சோயா, முட்டை, எள் ஒத்துக்கொள்ளாதவர்கள் அதைப் பார்க்காமல் சொல்லாதீர்கள். கையில் கொஞ்சம் ரொக்கமும் இருக்கட்டும்.

எனக்கு அடுத்த இருக்கையில் ஒரு ஜப்பானியப் பெரியவர் எனக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தார். சாம்பல் நிறக் கோட்டு, மடித்து வைத்த குடை. ஷோயு ராமென் சொன்னார். கிண்ணம் வந்ததும் முதலில் வெறும் சூப்பை ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்துக் கொஞ்சம் நின்றார். பிறகு நூடுல்ஸ். தலை நிமிரவில்லை, கைப்பேசியை எடுக்கவில்லை. பத்து நிமிடம் ஆகியிருந்தால் அதிகம். கடைசியில் இரண்டு கையாலும் கிண்ணத்தைத் தூக்கி மிச்சச் சூப்பையும் குடித்தார். கிண்ணத்தை மேடையின் மேல் விளிம்பில் எடுத்து வைத்து, தன் முன்னால் சிந்தியிருந்ததைத் துணியால் துடைத்து, "கொச்சிசோசாமா" என்று சாப்பாட்டுக்கு நன்றி சொல்லிவிட்டு மழைக்குள் போனார்.

சமையற்காரர் பதில் சொல்லிக்கொண்டே அந்தக் கிண்ணத்தை எடுத்தார். கழுவப் போடும் முன் சற்றுச் சாய்த்து உள்ளே பார்த்தார். ஒன்றும் மிச்சமில்லை. அடுத்த கிண்ணத்துக்கு வெந்நீரை ஊற்றினார்.